48 மைலும் 6 மணி நேரமும்

ஒரு வீட்டில் நடந்த வாக்குவாதத்திலிருந்து இதைத் தொடங்குகிறோம். வீடு பெரம்பூரில், பூர்வீகம் பள்ளப்பட்டி, ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் குடும்பம். வீட்டுப் பெரியவருக்கு மண்ணடியில் கடை. மூத்த மகள் கணவரோடு ஜித்தாவில் இருக்கிறார். இளைய மகன் ஒரகடத்தில் மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அந்த வீட்டோடு நமக்கு நெடுநாள் பழக்கம். உம்ராவை முடித்துத் திரும்பிய பெரியவருக்கு ஸலாம் சொல்லி, ஜம்ஜம் நீரும் பேரீச்சம்பழமும் பெற்று வரலாம் என்று போயிருந்தோம். அன்று தம்பிக்கு வார விடுமுறை. அவரும் வீட்டில் இருந்தார்.

பெரியவர் பயணத்தை விவரித்துக்கொண்டே வந்தவர், விமானத்தில் லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழுததைச் சற்றுப் பெருமையோடு சொன்னார். "மெத்தை இருக்கை, குளிர்ந்த காற்று, உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. இதில் என்ன கஷ்டப்பட்டுவிட்டேன்? ரப்பு முன்னால் நின்று பாதியாகத் தொழ எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கும் தொழுதேன்."

தம்பி தட்டில் கையை வைத்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அத்தா, நீங்க கோபிச்சுக்கக் கூடாது. நான் தினமும் போக 55, வர 55 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 110. முஸாபிருக்கு 77 தானே கணக்கு? ஒருநாள் பஸ் மூன்று மணி நேரம் ஆக்கிடுது. அதனாலே மூணு மாசமா பேக்டரியில லுஹரையும் அஸரையும் இரண்டு இரண்டாத்தான் தொழறேன்."

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டுத் தொழுதே?" என்றார். "உங்களை யார் நான்கு தொழச் சொன்னாங்க?" என்று தம்பி கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். ஏனெனில் இருவரும் செய்தது ஒரே தவறு. கஸ்ரு என்னும் சலுகை பட்ட கஷ்டத்துக்குக் கொடுக்கப்படும் கூலி என்று இருவருமே எண்ணினார்கள். கஷ்டப்படாததால் வேண்டாம் என்றார் ஒருவர்; கஷ்டப்பட்டதால் எடுத்துக்கொண்டார் மற்றவர். தராசு ஒன்றுதான்.

இன்று நம் வீடுகள் பலவற்றில் இந்தத் தராசு இருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் அனுமதி திருக்குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனத்தில் வருகிறது. அங்கே பகைவர் தாக்குவார்களோ என்ற அச்சத்தையும் சேர்த்தே பேசப்படுகிறது. பிற்காலத்தில் பாதைகள் அச்சமற்றுப் போனபோது யஃலா இப்னு உமையா என்பவர் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம், மக்கள் இப்போது அச்சமின்றி இருக்கிறார்களே, இனியும் ஏன் சுருக்க வேண்டும் என்று கேட்டார். தமக்கும் இதே வியப்பு ஏற்பட்டதாகவும், நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் விடை வந்ததாகவும் உமர் (ரலி) சொன்னார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள அறிவிப்பு இது. காரணமாய் இருந்த அச்சம் நீங்கியது, கொடை நீங்கவில்லை.

கொடுக்கிறவன் கொடுக்கும்போது "எனக்கு அவ்வளவு தேவை இல்லை" என்று கையை இழுத்துக்கொள்வது பணிவு போலத் தோன்றும். ஆனால் ஹனபி மத்ஹபில் முஸாபிருக்குக் கஸ்ரு வாஜிபு. தனியாகத் தொழும்போது வேண்டுமென்றே நான்காகத் தொழுவது குற்றம். உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் அவரோடு நான்கு. ஷாபிஈ மத்ஹபில் அது அனுமதி. தொலைவு மூன்று மர்ஹலாவை எட்டினால் சுருக்குவதே சிறப்பு. நம் பெரியவர் வெட்கப்பட்டுத் தொழுத நான்கு ரக்அத்துக்கு எந்த மத்ஹபிலும் பாராட்டுக் கிடைக்காது.

இனி, எவ்வளவு போனால் பயணம்?

ஹனபி இமாம்கள் மூன்று நாள் நடையைச் சொன்னார்கள். அதுவும் குறுகிய நாட்களில், காலை முதல் உச்சிவரை, இடையிடையே இளைப்பாறி, ஒட்டகமோ கால்நடையோ போகும் நிதான நடை. இந்திய ஹனபி ஆலிம்களில் பலர் அதை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். அதற்கு மேல் சொன்னவர்களும் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா. இன்றைய அளவில் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று பொதுவாகச் சொல்வர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து வரும் அறிவிப்பு நமக்குப் பிடித்தமானது. அவர்கள் எண்ணைச் சொல்லவில்லை, ஊர்களைச் சொன்னார்கள். மக்காவிலிருந்து அரபாவுக்குச் சுருக்கக் கூடாது. உஸ்பானுக்கும் ஜித்தாவுக்கும் தாயிபுக்கும் சுருக்கலாம். அந்தத் தொலைவை இமாம் மாலிக் (ரஹ்) நான்கு பரீது என்றார்கள். நம் கண்ணுக்குப் புரியும்படி சொன்னால், மக்காவிலிருந்து ஜித்தா எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான் சென்னையிலிருந்து காஞ்சிபுரம். எல்லையை ஒட்டிய தொலைவு அது. அங்கே போகிறவர் தம் மத்ஹப் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்ரீபெரும்புதூரோ அந்தப் பாதையில் பாதியைச் சற்றுக் கடந்ததும் வந்துவிடும்.

தம்பி போக்கையும் வரவையும் கூட்டினார். அப்படிக் கூட்டுவதில்லை. போகும் ஒரு வழிதான் கணக்கு. இல்லாவிட்டால் அண்ணா சாலையில் நாள் முழுக்க ஓடும் ஆட்டோக்காரர் தினந்தோறும் முஸாபிராகிவிடுவார்.

சில ஆலிம்கள் மைல் கணக்கையே விட்டுவிட்டு, ஊர் வழக்கில் எது பயணமோ அது பயணம் என்பார்கள். அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டாலும் தம்பிக்கு வழி கிடைக்காது. நம் தமிழே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். காலையில் டிபன் பாத்திரத்தோடு பஸ் ஏறுகிறவரை யாரும் "பயணம் போயிருக்கிறார்" என்பதில்லை. "வேலைக்குப் போயிருக்கிறார்" என்போம். நம் முன்னோர் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பலேறியதைத்தான் சபர் என்றார்கள். போனவரைச் சபுராளி என்றார்கள். ஒரகடம் போகிறவருக்கு அந்தப் பெயர் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். மூன்று நாள் நடை என்று காலத்தைத்தானே சொன்னார்கள்? இன்று அந்தத் தொலைவை விமானம் ஆறு ஏழு நிமிடத்தில் கடக்கிறதே, சட்டம் மாற வேண்டாமா?

முன்னோர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. மூன்று நாள் பாதையை ஒருவன் விரைந்து ஓட்டி இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தாலும் கஸ்ருதான் என்று ஹனபி நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. ஹிஜ்ரி 676இல் காலமான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் இன்னும் தெளிவு. கடல் வழியும் தரை வழி போன்றதே. அத்தனை மைல்களையும் ஒரே மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் சுருக்க வேண்டியதே என்பது அங்குள்ள கருத்து. பாய்மரக் கப்பலைப் பலத்த காற்று தள்ளிக்கொண்டு போவதை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். அன்று அந்த ஒரு மணி நேரம் பேச்சுக்கு எடுத்துக்கொண்ட அளவு. இன்று சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. நாற்பத்தெட்டு மைலைப்போல ஐந்து மடங்குக்கு மேற்பட்ட தொலைவு!

ஏன் தொலைவைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு நம் பெரியவரின் பயணமே நல்ல உதாரணம். சென்னையிலிருந்து ஜித்தா ஆகாய வழியில் சுமார் 4,400 கிலோமீட்டர். போக ஏறத்தாழ 6 மணி நேரம். நம் கடிகாரத்தைவிட அங்குள்ள கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டால் அங்கே பிற்பகல் மூன்றரைக்கு இறங்கலாம். சுவர்க் கடிகாரங்களைப் பார்த்தால் மூன்றரை மணி நேரந்தான் ஆகியிருக்கும். திரும்பும்போது காற்று பின்னிருந்து தள்ளுவதால் ஐந்தரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் அங்கே 12க்கு ஏறியவர் இங்கே இரவு 8க்கு இறங்குவார். போகும்போது சூரியனைத் துரத்திக்கொண்டு போவதால் அஸர் நீண்டுகொண்டே இருக்கும். நோன்பாளியாக இருந்தால் சென்னையில் இப்தார் முடிந்து வெகு நேரமான பிறகும் சன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வரும்போது அஸரும் மஃரிபும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும். ஒரு தூக்கம் போட்டால் இரண்டும் போய்விடும். இந்தப் பயணம் மூன்றரை மணியா, ஆறு மணியா, எட்டு மணியா? கேட்கிற இடத்தைப் பொறுத்து விடை மாறும். 4,400 கிலோமீட்டர் மாறுவதில்லை.

தம்பியின் பாதையும் அதையேதான் சொல்கிறது. பெரம்பூரிலிருந்து ஒரகடத்துக்கு ஞாயிறு காலையில் ஒன்றே கால் மணி நேரம். திங்கள் மாலை மழையில் தாம்பரத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டரை மணி நேரம். நேரந்தான் அளவு என்றால் ஒரே ஆள், ஒரே சாலையில், ஞாயிறன்று ஊர்வாசி, திங்களன்று முஸாபிர் என்றாகும். கஷ்டந்தான் அளவு என்றாலோ இன்னும் சிக்கல். உஸூல் நூல்களில் ஆலிம்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் ஒன்று: அரசன் பல்லக்கில் சுகமாகப் போனாலும் அவன் சுருக்குவான்; சுமை தூக்கும் தொழிலாளி உள்ளூரில் முதுகொடிய உழைத்தாலும் முழுமையாகத் தொழுவான். சலுகைக்குப் பின்னால் உள்ள நோக்கம் சிரமத்தைக் குறைப்பது. ஆனால் சட்டம் ஒட்டியிருப்பது பயணத்தோடு. சிரமத்தை அளக்க மனிதனிடம் கோல் இல்லை. அளக்கச் சொன்னால் ஒவ்வொருவனும் தன் சிரமத்தையே பெரிதாக அளப்பான். நம் பெரியவரைப் போன்ற சிலர் சிறிதாக அளப்பார்கள்.

பயணம் எங்கே தொடங்குகிறது என்பதும் கேட்கப்பட வேண்டியதே. ஊரின் கட்டடங்களைத் தாண்டியபின்தான் ஒருவர் முஸாபிர். மீனம்பாக்கம் விமான நிலையம் சென்னையின் கட்டடங்களோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆகவே சென்னைவாசி அங்கே காத்திருக்கும் நேரத்தில் முழுமையாகத் தொழ வேண்டும். இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரைத் தேர்ந்திருப்பதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். தங்கள் நிலமும் ஏரியும் போகிறதே என்று ஏகனாபுரம் முதலிய ஊர்மக்கள் போராடி வந்திருக்கிறார்கள். அது அமைந்தால் அங்கிருந்து விமானமேறப் போகும் சென்னைவாசி விமானத்தைக் காணும் முன்பே முஸாபிராகிவிடுவார். ஆனால் பூந்தமல்லி, திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை என்று கட்டடங்கள் வளர்ந்துகொண்டே போகிற வேகத்தைப் பார்த்தால், சென்னை எங்கே முடிகிறது என்பதை ஆலிம்கள் வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவர வேண்டியிருக்கும்.

டிக்கெட்டில் அச்சிட்ட நேரத்தை மட்டும் பயணம் என்று எண்ணுகிறவர்களுக்கு இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறோம். 2022இல் சென்னையிலிருந்து ஹஜ் விமானம் கிடையாதென்று ஆகி, தமிழ்நாட்டு ஹாஜிகள் கொச்சிக்குப் போய் ஏறினார்கள். 2023இல்தான் சென்னை மீண்டும் கிடைத்தது. அந்த வருடம் வயோதிக ஹாஜிகள் பட்ட பாட்டை விமான நேர அட்டவணையில் பார்க்க முடியாது. அதற்கும் முன்பு, 1995 வரை, பம்பாயிலிருந்து ஹஜ் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் போன நம் பாட்டனாரும் இரண்டு ரக்அத். விமானத்தில் போகும் நாமும் இரண்டு ரக்அத். பாட்டனாருக்கு நாம் அநீதி செய்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. கொடை எல்லாருக்கும் ஒரே அளவாக வருகிறது.

ஆனால் இதோடு பேச்சை முடித்துக்கொண்டு, "தம்பி, உனக்குச் சலுகை இல்லை, போ" என்று சொல்லிவிட்டால் நாம் மார்க்கத்தின் பாதியைத்தான் சொன்னவர்களாவோம். அவர் படும் பாடு உண்மை. அதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும்.

அந்த வட்டாரத்தை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறோம். சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். அதற்குத் தெற்கே ஒரகடம். ஒருகாலத்தில் ஏரிப் பாசன வயல்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான். அப்புறம் லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று ஆலைகள் வரிசையாய் வந்தன. விடியுமுன்பே சென்னையின் தெருமுனைகளில் கம்பெனி பஸ்கள் வந்து நின்று ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன. மனிதன் விரைந்து போவதற்கான வண்டிகளைச் செய்யும் ஊர் அது; அங்கே வேலைக்குப் போகிறவர் தினமும் நான்கு மணி நேரத்தைச் சாலையில் விடுகிறார். ஜித்தாவுக்குப் போக ஆறு மணி நேரம் என்றோமே, தம்பி இரண்டே நாளில் அதைத் தாண்டிவிடுகிறார். போய்ச் சேர்ந்தால் அங்கே கஅபா இல்லை. பஞ்சிங் மெஷின் இருக்கிறது.

அவருக்கு ஷிப்டு மாறி மாறி வரும். முதல் ஷிப்டு வாரத்தில் பஸ் பெரம்பூரில் 4.45க்கு. ஜூன் மாதமென்றால் பரவாயில்லை. சுப்ஹு நேரம் நாலே கால், நாலரைக்குள் வந்துவிடும், வீட்டிலேயே தொழுதுவிட்டு ஏறலாம். ஜனவரியில் சுப்ஹு நேரம் நுழையவே 5.20 ஆகும், அப்போது பஸ் ஓடிக்கொண்டிருக்கும். ஆலைக்குள் போய், சட்டை மாற்றி, மேஸ்திரி முன் வரிசையில் நிற்கும்போது 6.30ஐத் தாண்டிச் சூரியன் கிளம்பிவிடும். பொது ஷிப்டு வாரத்தில் மஃரிபுக்கு ஆபத்து. கார்த்திகை மார்கழியில் மாலை 5.45க்கெல்லாம் சூரியன் அடைந்துவிடும். பஸ் 5.30க்குக் கிளம்பி 7.30க்கு வீடு சேரும். ஏழு மணிவாக்கில் இஷா வந்துவிடுகிறது. மஃரிபின் முழு நேரமும் பஸ்ஸுக்குள்ளேயே பிறந்து பஸ்ஸுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஓடும் பஸ்ஸில், இருக்கையில், கிப்லா தெரியாமல் பர்ளை நிறைவேற்ற முடியாது. நேரம் தவறிவிடும் என்றால் இயன்றபடி தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து திரும்பத் தொழ வேண்டும் என்பர் ஆலிம்கள்.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சுப்ஹு இரண்டு ரக்அத், மஃரிபு மூன்று. இரண்டுக்கும் கஸ்ரு கிடையாது. ஜித்தாவுக்குப் போகிறவருக்கும் கிடையாது. சேர்த்துத் தொழ அனுமதிக்கும் மத்ஹபிலும் சுப்ஹை எதனோடும் சேர்க்க முடியாது. தம்பி மூன்று மாதமாகத் தனக்குத் தானே எடுத்துக்கொண்ட சலுகை, அவருடைய சிரமம் இருந்த இடத்தில் ஒன்றுமே செய்யவில்லை! லுஹருக்கு ஆலையில் சாப்பாட்டு இடைவேளை உண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் இடையே மிஞ்சியது மூன்று நிமிடம். அவர் சுப்ஹும் மஃரிபும் களாவாகிக்கொண்டே இருந்தன. அவருக்குத் தேவைப்பட்டது ரக்அத் குறைப்பு அல்ல. பஸ் ஓர் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை அவர் ரப்பிடமிருந்து எதிர்பார்த்தார். அது மனிதர்கள் கையில் இருந்தது.

இதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. முஆத் இப்னு ஜபல் (ரலி) தம் கூட்டத்தாருக்கு இரவுத் தொழுகை நடத்துவார்கள். ஒருநாள் நீண்ட அத்தியாயமான அல்பகராவை ஓதத் தொடங்கிவிட்டார்கள். பகலெல்லாம் தண்ணீர் இறைக்கும் ஒட்டகங்களோடு பாடுபட்டு வந்த ஒருவர் நிற்க முடியாமல் விலகிப்போய்த் தனியாகத் தொழுதுவிட்டார். அவரை நயவஞ்சகர் என்று சொன்னதாக அவர் காதுக்கு எட்டியது. அவர் நாயகத்திடம் முறையிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த உழைப்பாளியைக் கண்டிக்கவில்லை. முஆதைத்தான் கடுமையாகக் கேட்டார்கள். சிறிய அத்தியாயங்களின் பெயரைச் சொல்லி, அவற்றை ஓதும்படி சொன்னார்கள். உம் பின்னால் முதியவரும் பலவீனரும் அலுவல் உள்ளவரும் நிற்கிறார்கள் என்று நினைவூட்டினார்கள். அறிவிப்பவர் ஜாபிர் (ரலி), புகாரியில் உள்ளது.

அந்த மனிதர் மதீனாவாசி, முஸாபிர் அல்லர். அவருடைய நான்கு ரக்அத் நான்காகவே இருந்தது. சட்டத்தில் அவருக்கு ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவருடைய பாரத்தைக் குறைக்கும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவரை அழைத்துக் குறைக்கச் சொன்னார்கள். பயணிக்கு அல்லாஹ்வே சுருக்கிக் கொடுத்தான். உள்ளூர் உழைப்பாளிக்குச் சுருக்கிக் கொடுக்கும் பொறுப்பை அவருக்கு முன்னால் நிற்பவர்மேல் வைத்தார்கள். இதைப் பற்றி நாம் போதிய அளவு யோசித்ததில்லை என்றே தோன்றுகிறது. கஸ்ருடைய மைல் கணக்கைப் பற்றி எத்தனை பயான்கள் கேட்டிருக்கிறோம்! முஆத் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த கண்டிப்பு இன்று யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கேட்டதுண்டா?

அந்தப் பேச்சு அன்று அந்த வீட்டில் இப்படித்தான் திரும்பியது, திருப்பியவர் வீட்டம்மா. அடுப்படியிலிருந்து வந்தவர், "பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்டியாப்பா?" என்று மகனிடம் கேட்டார். தம்பி கேட்கவில்லை. நாற்பது பேர் போகிற பஸ், நான்கு பேர்தான் முஸ்லிம்கள், எல்லாருக்கும் நேரமாகும், எப்படிக் கேட்பது என்று கூச்சம். அல்லாஹ்விடம் சலுகை எடுத்துக்கொள்ளக் கூச்சப்படாதவர் டிரைவரிடம் கேட்கக் கூச்சப்பட்டார். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நாமும் கூச்சப்பட்டிருப்போம்.

பிறகு அம்மையார் பெரியவரைப் பார்த்து, "நம்ம கடைப் பையன் கும்மிடிப்பூண்டியிலேர்ந்துதானே வர்றான்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கும்மிடிப்பூண்டி சென்னையிலிருந்து ரயிலில் 47 கிலோமீட்டர். அந்தப் பையனும் முஸாபிர் இல்லை. கடையில் வருகைப் புத்தகம் உண்டு. பத்து நிமிடம் தாமதமானால் சிவப்பு மையில் குறித்து, மூன்று குறிக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கும் வழக்கம். மண்ணடியில் இது புதிதல்ல. வாசகர்களில் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் புத்தகத்தைத் தாங்களே எடுத்துப் பார்க்கலாம். விமானத்தில் இரண்டு ரக்அத்தை ஏற்க வெட்கப்பட்ட பெரியவர் அந்தச் சிவப்பு மைக்கு வெட்கப்பட்டதில்லை. நாம் அங்கே விருந்தாளி, ஒன்றும் சொல்லவில்லை. அவரும் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

நம் அனுபவத்தில் பணக்காரர் கடினமானவர் என்பது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. விரைவாகப் போய்வர வசதி வந்தபின் மெதுவாகப் போகிறவர்களின் நேரம் கண்ணில் படாமல் போகிறது, அதுதான் நடக்கிறது. பயணம் வேதனையின் ஒரு துண்டு, அது உறக்கத்தையும் உணவையும் தடுக்கிறது, வேலை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புங்கள் என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். ஜித்தா விமானத்தில் உறக்கமும் கிடைக்கிறது, உணவும் கிடைக்கிறது. அந்த நபிமொழி சொல்லும் வேதனையை இன்று முழுதாக அனுபவிப்பவர், சட்டப்படி பயணியே அல்லாத, காலை 4.45 பஸ்ஸில் தலை சாய்ந்து தூங்கும் ஆள்தான்.

மறுநாள் தகப்பனும் மகனுமாகப் பள்ளிவாசல் இமாமிடம் போனார்கள். பெரியவரின் நான்கு ரக்அத்தைப் பற்றி, இரண்டாவது ரக்அத்தில் அத்தஹிய்யாத் இருப்பில் அமர்ந்ததால் தொழுகை கூடிவிட்டது, ஆனால் இனி இப்படிச் செய்யாதீர்கள், தவ்பாச் செய்யுங்கள் என்றாராம். தம்பிக்கு விடை கடினமாக இருந்தது. ஊர்வாசியாக இருந்துகொண்டு இரண்டாகத் தொழுத லுஹரும் அஸரும் நிறைவேறவில்லை. அத்தனையும் நான்கு நான்காகக் களாச் செய்ய வேண்டும். சுப்ஹும் மஃரிபும் தனிக் கணக்கு. ஒரேயடியாக முடிக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு வக்திலும் ஒன்றிரண்டாகச் சேர்த்துத் தொழுது வாருங்கள், ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று இமாம் வழி சொல்லியிருக்கிறார்.

பஸ் விஷயத்தையும் தம்பி கேட்டுவிட்டார். டிரைவர் இந்துச் சகோதரர். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாராம். படப்பைக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் ஆறு மணிக்கு முன்பாக ஏழு நிமிடம் நிற்கிறது. மற்றவர்கள் இறங்கி டீ குடிக்கிறார்கள். வீட்டிலேயே ஒளூச் செய்துவிட்டு வருவதால் நான்கு பேருக்கும் ஐந்து நிமிடம் போதுமாயிருக்கிறது. மாலை பஸ்ஸின் டிரைவர் வேறு ஆள்; அவர் இன்னும் இசையவில்லை. பாதையில் நிறுத்தினால் தம் மேல் புகார் போகும் என்று அஞ்சுகிறார். கம்பெனியில் எழுதிக் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. மஃரிபு இப்போதும் சில நாள் களாவாகிறது.

கடையில் சிவப்பு மை என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை, கேட்பது முறையில்லை. சென்ற வாரம் மண்ணடிப் பக்கம் போனபோது கடையில் எட்டிப் பார்த்தோம். மணி ஒன்பதரை. பெரியவரே ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பையன் இன்னும் வரவில்லையா என்றோம். "மின்சார ரயில் தாமதமாம், வந்துகொண்டிருக்கிறான்" என்றார்.

தம்பியின் நோட்டு டிபன் பையிலேயே இருக்கிறது. லுஹருக்கு ஒரு பக்கம், அஸருக்கு ஒரு பக்கம், மற்ற இரண்டுக்கும் பின்னால். தொழத் தொழ ஒரு கோடு அடிக்கிறார். நாம் கடைசியாகப் பார்த்தபோது லுஹரில் இன்னும் 41 பாக்கி இருந்தது.